மெயின் எங்கே இருக்கு?

எங்கள் தெருவில் இருபது வருடமாக வேலை பார்க்கும் எலக்ட்ரீஷியன் ஒருவர் இருக்கிறார். எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலில் நின்றபடி அவர் கேட்கும் முதல் கேள்வி, "மெயின் எங்கேம்மா இருக்கு?" ஃபேன் ஓடவில்லை என்று கூப்பிட்டிருப்பார்கள், அல்லது காலிங் பெல் அடிக்கவில்லை என்று. கேள்வி மட்டும் மாறாது. பெட்டியைத் திறப்பார், எந்த எம்.சி.பி. எந்த அறைக்கு என்று ஒவ்வொன்றாக இறக்கிப் பார்ப்பார், எர்த் வயர் வந்திருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார். பிறகுதான் தோள்பையை இறக்கி வைப்பார்.

புதிதாகக் குடிவந்த பக்கத்து வீட்டுக்காரர், "ஃபேனைப் பார்க்கச் சொன்னா பெட்டியைப் போய் நோண்டுறாரே" என்று என்னிடம் குறைபட்டுக்கொண்டார். அந்தப் பத்து நிமிடத்துக்காகவே அவரைத்தான் கூப்பிட வேண்டும் என்று நான் பதில் சொன்னேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதைத்தான் இந்த அத்தியாயத்தில் விளக்கப் போகிறேன்.

முதலில் உங்கள் பெட்டி

ஆளைத் தேடும் முன், உங்கள் வீட்டு டி.பி. பாக்ஸை ஒருமுறை திறந்து பாருங்கள். எதையும் கழற்ற வேண்டாம், மூடியைத் திறந்து பார்த்தால் போதும்.

கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் வயரும் மீட்டரும் மின்வாரியத்தின் பொறுப்பு. 2024இல் டான்ஜெட்கோ என்ற பெயர் போய் தமிழ்நாடு மின் பகிர்மானக் கழகம் என்று ஆகிவிட்டது. நாம் இன்னமும் இ.பி. என்றுதான் சொல்கிறோம். மீட்டருக்குப் பிறகு வருகிற ஒவ்வோர் அங்குல வயரும் உங்கள் பொறுப்பு. மீட்டர் சீலை உடைத்து "சின்ன வேலைதான் சார்" என்று தொடுகிற ஆளை அங்கேயே நிறுத்திவிடுங்கள். மின்சாரச் சட்டம் 2003இன்படி அது குற்றம், மாட்டிக்கொள்வது நீங்கள்.

பெட்டிக்குள் வரிசையாக நிற்பவை எம்.சி.பி.க்கள். ஒவ்வொன்றின் மேலும் பி16, சி20 என்று ஓர் எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். எண் ஆம்பியரைக் குறிக்கும். எழுத்து, திடீரென்று பாயும் கரண்டை அது எந்த அளவு வரை பொறுக்கும் என்பதைச் சொல்லும். ஏ.சி., மோட்டார் போல ஸ்டார்ட் ஆகும்போது அதிகம் இழுப்பவற்றுக்கு சி போடுவார்கள். எம்.சி.பி.யின் வேலை சுவருக்குள் ஓடும் வயரைக் காப்பாற்றுவது. "அடிக்கடி விழுது" என்று சொன்னதும் 16ஐக் கழற்றி 32ஐ மாட்டிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. விழுவது நின்றுவிடும். சுவருக்குள் இருக்கும் 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் மட்டும் சூடேறிக்கொண்டே இருக்கும், அது நம் கண்ணுக்குத் தெரியாது.

கணக்கு எளிதுதான். வாட்டை 230ஆல் வகுத்தால் ஆம்பியர் கிடைக்கும். 2000 வாட் கெய்சருக்கு ஏறத்தாழ 8.7 ஆம்பியர் வேண்டும். அதைக் கொண்டுபோய் சின்ன 6 ஆம்பியர் பிளக்கில் ஒரு கன்வெர்ட்டர் போட்டுச் செருகினால், முதலில் பிளக் பழுப்பேறும், அப்புறம் கருகிய வாடை வரும். விளக்குக்கும் ஃபேனுக்கும் 1 அல்லது 1.5, பவர் பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கும் கெய்சருக்கும் 4 சதுர மில்லிமீட்டர் என்பது பொதுவாகக் கடைப்பிடிக்கும் அளவு. பழைய ஆட்கள் இன்னும் "செவன் ட்வென்டி" என்பார்கள், ஏறக்குறைய அந்த 4ஐத்தான் சொல்கிறார்கள்.

எம்.சி.பி.க்களுக்கு முன்னால் 'டி' அல்லது 'டெஸ்ட்' என்று எழுதிய சின்னப் பட்டனோடு கொஞ்சம் அகலமாக ஒன்று நிற்கிறதா? அதுதான் ஆர்.சி.சி.பி. இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு விஷயத்தைத்தான் நினைவில் வைத்துக்கொள்வீர்கள் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

பாறையும் எர்த்தும்

நம் பெருங்களத்தூர் வட்டாரத்தில் இரண்டு விதமான நிலம் இருக்கிறது. நெடுங்குன்றம், வண்டலூர்க் காட்டுப் பக்கம் போனால் கடப்பாரை இறங்காது. முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் போனால் மழைக்காலத்தில் அடையாற்று வெள்ளம் வாசல்படி ஏறும். மின்சாரத்துக்கு இரண்டுமே தொல்லைதான், தொல்லையின் வகைதான் வேறு.

பாறையை முதலில் பார்ப்போம். கல்கத்தாவில் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர் ஜாப் சார்னாக்கின் கல்லறை மேல் இருக்கும் கல், நம் பல்லாவரம் வட்டாரத்துப் பாறை. அதை ஆராய்ந்த நிலவியலாளர் ஹாலண்ட், அந்தப் பாறை வகைக்கே சார்னோகைட் என்று பெயர் வைத்தார். வண்டலூர்க் குன்றுகளிலும் இதே வகைக் கருங்கல்தான். வீடு கட்ட உறுதியான தரை. எர்த் குழிக்கோ இதைவிட மோசமான இடம் கிடைக்காது.

எர்த் என்பது என்ன? ஃப்ரிட்ஜின் உள்ளே வயர் தோல் உரிந்து இரும்பு உடம்பில் பட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த கரண்ட் நம் உடம்பு வழியாகத் தரைக்குப் போகாமல், அதற்கென்று போட்டு வைத்த சுலபமான வழியில் மண்ணுக்குள் போக வேண்டும். அந்த வழிதான் எர்த். மூன்று பின் பிளக்கில் மேலே இருக்கும் தடித்த, நீளமான பின் அதற்குத்தான். நீளமாக இருப்பதால் செருகும்போது முதலில் தொடும், பிடுங்கும்போது கடைசியில் விடும். நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? இரண்டு பின் பிளக்கைச் செருக, மேல் ஓட்டைக்குள் பேனா மூடியையோ ஈர்க்குச்சியையோ விட்டுத் திறக்கிறோம். குழந்தைகள் அதைப் பார்த்துக்கொண்டே வளர்கிறார்கள். தயவுசெய்து இதை இன்றோடு நிறுத்துங்கள்.

எர்த் குழிக்கு இரண்டரை மீட்டர் ஜி.ஐ. பைப்பை இறக்கி, சுற்றிலும் கரியும் உப்பும் போட்டு மூடுவது பழைய முறை. ஈர மண்ணில் நன்றாக வேலை செய்யும். பாறையில் நான்கடிக்கு மேல் இறங்கவில்லை என்று பாதியில் அறுத்துப் புதைத்த பைப்புகளை நான் பார்த்திருக்கிறேன். சித்திரை வெயிலில் அந்த மண் காய்ந்தால் எர்த் பெயருக்குத்தான் இருக்கும்.

எர்த் குழியின் தடை 20 ஓம் என்று வையுங்கள். 230 வோல்ட் ஃபேஸ் ஃப்ரிட்ஜ் உடம்பில் பட்டால் மண்ணுக்குள் ஓடும் கரண்ட் அதிகம் போனால் 230ஐ 20ஆல் வகுத்தது, அதாவது 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இது சாதாரண சுமை, அது விழாது. ஃப்ரிட்ஜ் ஓடிக்கொண்டே இருக்கும், கைப்பிடியில் கரண்ட் இருந்துகொண்டே இருக்கும். எர்த் இருக்கிறது, எம்.சி.பி.யும் இருக்கிறது, அப்படியும் உயிர் போகலாம்.

இங்கேதான் ஆர்.சி.சி.பி. வருகிறது. ஃபேஸில் போன கரண்ட் முழுவதும் நியூட்ரலில் திரும்பி வந்ததா என்று அது எந்நேரமும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. 30 மில்லி ஆம்பியர் குறைந்தாலே, கண் இமைக்கும் நேரத்தில் லைனை அறுத்துவிடும். ஒரு 9 வாட் எல்.இ.டி. பல்பு எரியவே 40 மில்லி ஆம்பியருக்குக் குறையாமல் வேண்டும். அதைவிடக் குறைவான கசிவையே இது கண்டுபிடித்து விடுகிறது. இதற்கும் எல்லை உண்டு: ஒரு கையால் ஃபேஸையும் மறு கையால் நியூட்ரலையும் பிடித்தால் அதற்குத் தெரியாது, ஓவர்லோடும் தெரியாது. அதனால் எம்.சி.பி.யும் வேண்டும், எர்த்தும் வேண்டும், இதுவும் வேண்டும். நம் பாறை மண்ணில் மூன்றில் எதையும் விடுவதற்கில்லை.

"டைரக்ட் போட்டுட்டேன் சார்"

சில வருடங்களுக்கு முன் எங்கள் வீட்டில் ஆர்.சி.சி.பி. அடிக்கடி விழ ஆரம்பித்தது. மழை நாள், வீட்டில் குழந்தை, கரண்ட் இல்லாத எரிச்சல். கிடைத்த ஆளைக் கூப்பிட்டேன். கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார். "இது பழசாயிடுச்சு சார், அதான் விழுது. டைரக்ட் போட்டுட்டேன், இனிமே விழாது." விழவும் இல்லை. நானும் காசு கொடுத்து அனுப்பிவிட்டு நிம்மதியாக இருந்தேன். இரண்டு வாரம் கழித்து, ஈரக் கையோடு வாஷிங் மெஷின் மூடியைத் தூக்கிய என் மனைவிக்கு ஷாக் அடித்தது. காலில் ரப்பர் செருப்பு இருந்ததால் கையை உதறிக்கொண்டு தப்பித்தாள்.

முதல் பத்தியில் சொன்னவரை அதற்குப் பிறகுதான் தேடிப் பிடித்தேன். வந்தார், பெட்டியைத் திறந்தார், சில நொடி பேசவில்லை. "இது காவல்காரன் சார். திருடன் வர்றான்னு கத்துனதுக்கு அவன் வாயையே கட்டிட்டாங்க" என்றார். கசிவு இருந்தது மெஷினுக்குள். ஆர்.சி.சி.பி. அதைத்தான் அடிக்கடி விழுந்து சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

ஆகவே ஆர்.சி.சி.பி. விழுந்தால், ஆளைக் கூப்பிடும் முன் நீங்களே இதைச் செய்யலாம். எல்லா எம்.சி.பி.யையும் இறக்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யை ஏற்றுங்கள். நின்றால், எம்.சி.பி.க்களை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே வாருங்கள். எதை ஏற்றும்போது விழுகிறதோ, கோளாறு பெரும்பாலும் அந்த வழியில். அந்த வழியில் இருக்கும் பிளக்குகளை எல்லாம் பிடுங்கிவிட்டு மறுபடி ஏற்றிப் பாருங்கள். கெய்சர் ஹீட்டர், மிக்ஸி, மொட்டை மாடி விளக்கு, சம்ப் மோட்டார் ஆகியவைதான் வழக்கமான குற்றவாளிகள். எல்லாம் இறங்கியிருக்கும்போதும் ஆர்.சி.சி.பி. நிற்கவில்லை என்றால், நியூட்ரல் எங்கோ எர்த்தில் தொட்டுக்கொண்டிருக்கலாம். இன்வர்ட்டர் போட்ட வீடுகளில், இன்வர்ட்டர் லைன் நியூட்ரலை மற்ற நியூட்ரலோடு சேர்த்து முறுக்கிவிட்டிருப்பதும் ஒரு காரணம். இதற்கு ஆள் வேண்டும். வருபவரிடம், "எல்லாத்தையும் இறக்கிட்டும் விழுது" என்று சொல்லிப் பாருங்கள். தேர்ந்தவர் என்றால் நேராக நியூட்ரல் பாரைக் கழற்றிப் பார்ப்பார்.

"எர்த் இல்லைன்னா என்ன, நியூட்ரலையே எர்த்துல லூப் பண்ணிடறேன்" என்று பிளக் பாக்ஸுக்குள் ஒரு துண்டு வயரைப் போடுகிறவர் வந்தால், வேலையை நிறுத்தி அனுப்பிவிடுங்கள். எங்காவது நியூட்ரல் ஒன்று விட்டுப்போனால் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் உடம்புக்கு 230 வோல்ட் அப்படியே வந்துவிடும்.

யாரை, எதற்கு

திடீரென்று விளக்குகள் கண் கூசும்படி எரிந்து, ஃபேன் வழக்கத்தைவிட வேகமாகச் சுற்றினால் யோசிக்காமல் மெயினை இறக்குங்கள். லைனில் நியூட்ரல் விட்டுப்போயிருக்கலாம். அப்போது 230 இருக்க வேண்டிய இடத்தில் 400 வரை ஏறலாம். டி.வி., ஃப்ரிட்ஜ் எல்லாம் போகிற நேரம் அது. கம்பத்தில் தீப்பொறி, அறுந்த கம்பி, லோ வோல்டேஜ் ஆகியவையும் லைன்மேன் வேலை. வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987, 2021இலிருந்து இயங்குகிறது. உள்ளூர் எலக்ட்ரீஷியன் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவரைக் கம்பத்தில் ஏறச் சொல்லாதீர்கள்.

வீட்டுக்குள் சட்டம் ஒரு கோடு போட்டிருக்கிறது. பல்பு, ஃபேன், ஃபியூஸ், ஸ்விட்ச் ஆகியவற்றைப் பழையதற்குப் பதில் புதியதாக மாற்றுவதை யாரும் செய்யலாம். புது லைன் இழுப்பது, வயரிங்கை மாற்றுவது, கூட்டுவது என்றால் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரும், தகுதிச் சான்று பெற்றவரின் நேரடி மேற்பார்வையும் வேண்டும். தமிழ்நாட்டில் இந்த உரிமங்களைத் தருவது கிண்டி திரு.வி.க. தொழிற்பேட்டையில் இருக்கும் மின் உரிமம் வழங்கும் வாரியம். ஐ.டி.ஐ. படிக்காமல் அனுபவத்தில் தொழில் கற்றவர்களுக்கும் வழி உண்டு. வயரிங்கில் ஐந்து வருட அனுபவம் இருந்தால் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வு எழுதலாம். உங்கள் தெரு எலக்ட்ரீஷியன் திறமைசாலி, கையில் சான்று இல்லை என்றால் இதை அவருக்குச் சொல்லுங்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிந்திருக்கிறாரா என்றும் கேளுங்கள். உயரத்திலும் கரண்டிலும் வேலை செய்கிறவருக்கு அது அவசியம்.

ஆளைக் கண்டுபிடிக்க நல்ல இடம் ஸ்டேஷன் ரோட்டிலோ ஜி.எஸ்.டி. சாலையிலோ இருக்கும் எலக்ட்ரிக்கல் கடை. கடைக்காரரிடம் "நல்ல ஆள் யாரு?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் நல்ல ஆள்தான் என்பார். "உங்க வீட்டு வேலைக்கு யாரைக் கூப்பிடுவீங்க?" என்று கேளுங்கள்.

வந்த ஆளை எடைபோடுவதற்கு ஒரு காட்சி போதும். ஒரு ஸ்விட்ச் பாக்ஸைத் திறக்க வேண்டும். எம்.சி.பி.யை இறக்கியாயிற்று. நல்ல வேலைக்காரர் டெஸ்டரை முதலில், கரண்ட் இருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்த இன்னொரு பிளக்கில் வைப்பார். விளக்கு எரியும். பிறகு வேலை செய்ய வேண்டிய இடத்தில் வைப்பார். எரியாது. திரும்பவும் பழைய பிளக்கில் வைப்பார், எரியும். டெஸ்டர் கெட்டுப்போகவில்லை, லைன்தான் செத்திருக்கிறது என்பது இப்போதுதான் உறுதி. அதோடு "இன்வர்ட்டர் இருக்கா?" என்றும் கேட்பார். மெயினை இறக்கினாலும் இன்வர்ட்டர் லைன் உயிரோடு இருக்கும் என்று அவருக்குத் தெரியும். இவ்வளவுக்கும் அரை நிமிடம்கூட ஆகாது. இதைச் செய்கிறவரை விட்டுவிடாதீர்கள், நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். "கரண்ட் இருந்தா என்ன சார், நாங்க பார்க்காததா" என்று லைனிலேயே கை வைப்பவரைத் தைரியசாலி என்று நினைத்துவிடாதீர்கள்.

கூலி விஷயத்தில் சண்டை வருவது பெரும்பாலும் தொகையால் அல்ல, தொகைக்குள் எது அடக்கம் என்று பேசாமல் விட்டதால். சில்லறை வேலைக்கு விசிட் கணக்கு, ஒருநாள் வேலைக்கு நாள் கூலி, புது வயரிங் என்றால் பாயிண்ட் கணக்கு. ஒரு பாயிண்ட் என்றால் ஸ்விட்சிலிருந்து விளக்கு வரை உள்ள வேலை. 16 ஆம்பியர் பிளக், டூ-வே ஸ்விட்ச், டி.பி. பாக்ஸ், எர்த் குழி ஆகியவை பாயிண்டில் சேருமா, தனியா? சுவரைக் கொத்திக் காடி எடுப்பது யார்? எடுத்த காடியைப் பூசுவது யார்? கடைசிக் கேள்வியைக் கேட்காமல் விட்டு, வரிவரியாகக் கீறிய சுவரோடு கொத்தனாருக்காக ஒரு மாதம் காத்திருந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். ஒரு தாளில் எழுதி, இருவரும் ஆளுக்கு ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

சாமான்களை அவர் தரும் பட்டியலின்படி நீங்களே வாங்குவது நல்லது. அவரையும் கூடவே கடைக்கு அழைத்துப் போங்கள். ஒரு சுருள் வயர் 90 மீட்டர். அதன் மேல் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண்ணும் இருக்கும். அந்த எண்ணை பி.ஐ.எஸ். கேர் செயலியில் அடித்தால் எந்தக் கம்பெனியுடையது என்று தெரிந்துவிடும். ஃபேஸுக்குச் சிவப்பு, மஞ்சள் அல்லது நீலம், நியூட்ரலுக்குக் கறுப்பு, எர்த்துக்குப் பச்சை. "பச்சை தீர்ந்துடுச்சு, கறுப்பு இருக்கு" என்று சமாளிக்க விடாதீர்கள். பத்து வருடம் கழித்து அந்தப் பெட்டியைத் திறக்கப்போகிற வேறொருவர் நிறத்தை நம்பித்தான் கையை வைப்பார்.

தண்ணீர் ஏறும் வீடு

2015 டிசம்பரில் முடிச்சூரிலும் வரதராஜபுரத்திலும் படகு விட்டு மக்களை மீட்டார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீர் வந்தது. தரைத்தளத்தில் இருப்பவர்கள் மழைக்கு முன்பே, அதாவது புரட்டாசிக்குள், செய்ய வேண்டிய வேலைகள் உண்டு. தண்ணீர் ஏறிய பழைய கறை சுவரில் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். தரைத்தளத்து பிளக்குகள் அதற்கு மேலே போக வேண்டும். மீட்டர் போர்டு தாழ்வாக இருந்தால், உயரத்துக்கு மாற்றித்தரும்படி இ.பி. அலுவலகத்தில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். தரைத்தளத்துக்குத் தனி ஆர்.சி.சி.பி., மாடிக்குத் தனி என்று பிரித்துவிட்டால், கீழே இறக்கிவிட்டு மாடியில் ஒரு விளக்கையாவது எரிய விடலாம்.

தண்ணீர் வாசல்படியைத் தொடும் முன் மெயினையும் இன்வர்ட்டரையும் இறக்குங்கள். தண்ணீர் உள்ளே வந்த பிறகு, அதில் நின்றுகொண்டு மெயினைத் தொடப் போகாதீர்கள். மின்னகத்துக்குப் போன் செய்து தெரு லைனையே நிறுத்தச் சொல்லுங்கள். யாருக்காவது ஷாக் அடித்தால் அவரைக் கையால் இழுக்கக்கூடாது. முதலில் கரண்டை நிறுத்துங்கள், முடியாவிட்டால் காய்ந்த இடத்தில் நின்றுகொண்டு காய்ந்த கட்டையால் தள்ளிவிடுங்கள், 108ஐக் கூப்பிடுங்கள்.

வடிந்த பிறகுதான் அவசரம் நம்மைக் கெடுக்கும். சுவர் காய்ந்ததுபோல் தெரியும், பைப்புக்குள் தண்ணீர் நிற்கும். அப்போது டெஸ்டரோடு வருகிறவர் போதாது, வயரின் இன்சுலேஷனை அளக்கும் மெக்கர் வைத்திருப்பவர் வேண்டும். எல்லா பிளக்கையும் பிடுங்கி, பல்புகளைக் கழற்றி, மெயினை இறக்கி, 500 வோல்ட் மெக்கரை ஒவ்வொரு லைனுக்கும் எர்த்துக்கும் இடையே வைத்துப் பார்ப்பார். ஒரு மெகா ஓமுக்குக் கீழே காட்டும் லைனை ஏற்றக்கூடாது. ஸ்விட்ச் பாக்ஸ் மூடிகளைக் கழற்றி இரண்டு நாள் காயவிட்டு மறுபடி அளக்க வேண்டும். நனைந்த எம்.சி.பி., ஆர்.சி.சி.பி.க்களைக் காயவைத்துத் திரும்பப் போடாதீர்கள், புதிதாக வாங்குங்கள். வேலை முடிந்ததும் ஆர்.சி.சி.பி.யின் டெஸ்ட் பட்டனை உங்கள் கையாலேயே அழுத்திப் பாருங்கள், விழ வேண்டும். அளந்த மெக்கர் கணக்கைத் தேதியோடு ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லி, பெட்டிக் கதவின் உள்பக்கம் ஒட்டி வையுங்கள். அடுத்த வருடம் வருகிறவர் கதவைத் திறந்ததும் முதலில் அதைத்தான் படிப்பார்.